முட்டுக்கட்டை போடும் தொடைகள்

"ஏனுங்க, வெள்ளியங்கிரி ஏறும்போது மூச்சுதான் வாங்குச்சு, காலுக்கு ஒண்ணுமில்ல. இறங்கி வந்து ரெண்டாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கவே முடியல. ஏறுனதுக்கு இல்லாத வலி இறங்குனதுக்கு எப்படி வரும்?" என்று அவிநாசியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விடுமுறை கிடைத்தால் மலைக்குக் கிளம்பிவிடுகிறவன் நான். தமிழ்நாட்டிலேயே உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். ஆனால் உச்சிவரை ரோடு போகிறது, தொடைக்கு அது பெரிய சோதனை இல்லை. வெள்ளியங்கிரி அப்படி விடாது. ஏழு மலையும் ஏறி, சாமி கும்பிட்டுத் திரும்பும்போது, முதல் மலையின் செங்குத்தான கல்படிகள் கடைசியாக வந்து நிற்கும். மூங்கில் தடியை அடுத்த படியில் ஊன்றி ஒரு காலைக் கீழே வைத்தால், மேலே நிற்கிற காலின் தொடை வெடவெடவென்று ஆடும். வாசகர் கேட்பதற்கான பதில் அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது.

உழைத்த தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் வலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். முதலில் அந்தக் கதையை ஒதுக்கிவிடலாம். அந்த அமிலம் ரத்தத்தில் இருக்கும் வடிவம் லாக்டேட். உழைப்பில் கூடுகிற லாக்டேட், ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் வலிக்கு அது காரணமாக முடியாது. மேலும் லாக்டேட் அதிகம் சேர்வது ஏறும்போது. வலி வருவதோ இறங்கியதற்கு.

தசை நார் ஒவ்வொன்றும் சார்கோமியர் என்ற நுண்ணிய அலகுகளைக் கோத்த சரம். ஒரு சென்டிமீட்டருக்குள் சுமார் 4,000 அலகுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் மயோசின் என்ற புரத இழையின் தலைகள் பக்கத்தில் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றும். பிடியை விடுவதற்கு ஒவ்வொரு தடவையும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். ஏறும்போது முன்தொடைத் தசை இப்படி இழுத்துச் சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. சரி, இது பள்ளிப் பாடம்.

இறங்கும்போது நடப்பதுதான் அழகு. முட்டி மடங்க மடங்க, உடம்பின் எடை அதே தசையை நீட்டுகிறது. தசையோ இழுப்பதை நிறுத்துவதில்லை. இழுத்துப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. பற்றியிருக்கும் மயோசின் தலைகளை எடையே பிய்த்து விடுவிக்கிறது, அதற்கு ஏடிபி தேவையில்லை. பிய்ப்பதற்குப் பெரிய விசை வேண்டும் என்பதால், நீளும் நார் சுருங்கும் நாரைவிட அதிகச் சுமை தாங்கும். அதனால் மூளை குறைவான நார்களையே வேலைக்குக் கூப்பிடுகிறது.

அவிநாசிக்காரருக்குத் தேரைக் காட்டியே சொல்லலாம். வடம் பிடிக்க ஊரே வேண்டும், எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டும். ஓடி வருகிற தேரைத் தடுத்துத் திருப்ப, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற சிலர் போதும். அவர்களுக்கு அவ்வளவு மூச்சு வாங்காது, ஆனால் தேரின் பாரம் முழுக்க அந்த ஒற்றைக் கட்டைமேல் விழும். அப்புறம் எடுத்துப் பார்த்தால் கட்டையின் முனை நசுங்கிச் சிலும்பு சிலும்பாக நிற்கும்.

இதை 1952-இல் அபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை வைத்துக் காட்டினார்கள். இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலை எதிர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான், ஆனால் எதிர்த்துப் பிடித்தவருக்கு ஆக்சிஜன் செலவு பல மடங்கு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உருவமுள்ள ஒரு பெண் எதிர்த்துப் பிடித்தே பெரிய ஆள் ஒருவரைக் களைக்க வைத்தார். இரண்டு சைக்கிளும் ஒரு சங்கிலியும் இவ்வளவு சொல்லிவிட்டன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

நசுங்குகிற கட்டைதான் உங்கள் தொடை நார். ஆயிரக்கணக்கான படிகளில், சரத்தில் பலவீனமான சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீள்கின்றன. பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பும். சில திரும்புவதில்லை. அங்கே நாரின் சவ்வு சேதமாகி, கால்சியம் கசிந்து, அழற்சி தொடங்குகிறது. செப்பனிடும் செல்கள் வந்து சேர்ந்து, நரம்பு நுனிகள் கூச்சம் கண்டு, வலி உச்சத்தைத் தொட ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும்.

"விரதம் சரியா இருந்தா வலிக்காது" என்று மலையில் சொல்வார்கள். வலியால் துவண்டு உட்கார்ந்திருப்பவரைக் குற்றவாளி ஆக்கும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பக்தி வேறு, தசை வேறு. பிப்ரவரியிலிருந்து மே வரை ஆயிரக்கணக்கானோர் ஒரே பாதையில் ஏறி இறங்குகிறார்கள். கோவையில் மருத்துவக் கல்லூரிகளும் பிசியோதெரபி கல்லூரிகளும் இருக்கின்றன. பூண்டி அடிவாரத்தில் ஒரு கூடாரம் போட்டு, ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் தொடை பலத்தை அளக்க அரசு கொஞ்சம் ஆய்வு நிதி ஒதுக்கினால், இத்தனை பேருக்கும் பயன்படும் தகவல் நம் மண்ணிலிருந்தே கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. மலை இறங்கிய பிறகு சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால், தசைப்புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வலியைக் குறைக்க வழி உண்டு. ஒரு தடவை மிதமாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாகச் சேதமடையாது. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சரிவில் கீழ்நோக்கி ஓடிப் பழகிய எலிகளின் தொடை நார்களில், மேல்நோக்கி ஓடியவற்றைவிட சார்கோமியர்கள் கூடுதலாக இருந்தன. சரம் நீளமானால் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் குறைவாக நீண்டால் போதும்.

போன வருஷம் மலைக்கு மூன்று வாரம் முன்பிருந்து ஞாயிறுதோறும் சென்னிமலை போனேன். 1,320 படி ஏறி, பஸ் பிடிக்காமல், முட்டியை லேசாக மடக்கியபடி மெதுவாக நடந்தே இறங்கினேன். முதல் வாரம் வலித்தது, மூன்றாம் வாரம் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி. செவ்வாய்க்கிழமை காலை, கம்பியைப் பிடிக்காமல் பஸ் படியில் இறங்கினேன்.