பிளாஷ் வாங்கும் முன், அந்த வெள்ளை மூடியைப் பற்றி

முகம் வெளுத்து, பின்சுவரில் கரிய நிழல் விழுந்த படங்களைக் காட்டி, "அண்ணே, இதுக்கு பிளாஷ் தலையில எந்த வெள்ளை மூடி வாங்கிப் போடணும்?" என்று மார்த்தாண்டம், களியக்காவிளை பகுதித் திருமணங்களுக்குப் படமெடுக்க வரும் தம்பிகள் கேட்பது இந்த முகூர்த்தக் காலத்தில் அளவு கடந்துவிட்டது.

எந்த மூடியும் வேண்டாம். ஒளியின் மென்மை, எடுக்கப்படுபவருக்கு எதிரே அது புறப்படும் பரப்பு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. பிளாஷின் தலையளவே உள்ள பிளாஸ்டிக் மூடி அந்தப் பரப்பைப் பெரிதாக்குவதில்லை. சிறிய அறையில் படம் சற்றுத் தேறுவதும், சிதறிய ஒளி வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்புவதால்தான். தேவாலய முற்றத்திலோ, உயர்ந்த கூரையுள்ள ஆடிட்டோரியத்திலோ அப்படித் திருப்பியனுப்ப அருகில் எதுவும் இல்லாததால், மூடி ஒளியை விழுங்குகிறது, பேட்டரி தீர்கிறது, நிழல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே, ஒளியைக் கூரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பவிட்டு அதையே பெரிய பரப்பாக்க, தலை மேல்நோக்கிச் சாய்வதோடு பக்கவாட்டிலும் திரும்பும் பிளாஷையே வாங்குங்கள். சாய மட்டும் செய்வது, கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தவுடன் கூரையை விட்டுச் சுவரைப் பார்க்கும். நம் ஊர்ப் பழைய ஓட்டு வீடுகளின் மர மச்சில் பட்டுத் திரும்பும் ஒளி பழுப்பேறியும், பச்சை வண்ணச் சுவரில் பட்டது முகத்தில் பச்சை பூசியும் வரும் என்பதால், திருப்பும் முன் நிறத்தைப் பாருங்கள்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள 60 என்ற வழிகாட்டி எண்ணில் (பிளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பர்) மயங்காதீர்கள். அது பெரும்பாலும் தலையை, ஒளியைக் குறுக்கிப் பாய்ச்சும் 200 மி.மீ. ஜூமில் வைத்து அளந்தது, ஒளி அகலமாக விரியும் 35 மி.மீ.க்கு வந்தால் வெகுவாகக் குறையும். கோடாக்ஸ் டிடி600 போன்ற மேனுவல் பிளாஷ் (ஒளியளவை நாமே கையால் வைப்பது) மலிவானது, கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் மணமக்கள் நடந்துகொண்டே இருக்கும் சடங்குகளுக்கு டிடிஎல் வசதி (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து கேமராவே பிளாஷின் அளவை வைப்பது) உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. அந்த டிடிஎல்லும் மணப்பெண்ணின் வெள்ளைச் சேலையைக் கண்டு ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதால், பிளாஷ் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பிளாஷ் காம்பன்சேஷனை அரை அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூட்டுங்கள். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100-லேயே வைத்துக்கொண்டு பின்னணி இருட்டாகிறதே என்று புலம்பாமல், 800-க்கு உயர்த்தி மண்டபத்து விளக்கொளியையும் படத்துக்குள் வரவிடுங்கள்.

தயவுசெய்து, ஃபிலிம் காலத்துப் பழைய பிளாஷ்களை டிஜிட்டல் கேமராவில் பொருத்தாதீர்கள். சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் (பிளாஷ் அடிக்கும்போது கேமராவின் தொடர்புமுனையில் வரும் மின்னழுத்தம்) 200 வோல்ட்டையும் தாண்டும், கேமராவின் சுற்று கருகிப்போகலாம்.