ஹெட்ஸ்பேஸ்: 'தலைவெளி' அல்ல

"பொதியுறையின் தலை கழன்றால் தலைவெளி அதிகம் என்று அறிக." பழைய ராணுவத் துவக்குகளைப் பற்றிய ஒரு தமிழாக்கத்தில், போன கிழமை வெள்ளவத்தையில் என் மேசைக்குப் பிழைதிருத்த வந்த வரி. ஆங்கில 'ஹெட்ஸ்பேஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த இந்தத் 'தலைவெளி' என்னிடம் வருவது மூன்றாம் தடவை. மருமகனிடம் வாசித்துக் காட்டினேன். "சுட்டா தலை கழண்டுதானே போகும் மாமா?" என்றான். ரவை, அதாவது குண்டு, பறப்பதை நினைத்திருக்கிறான். அவனில் பிழையில்லை.

சிக்கல் 'ஹெட்'டில். ஆங்கிலத்தில் தோட்டாவின் 'ஹெட்' ரவை நிற்கும் கூர்முனை அல்ல, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பதித்த அடிப்பக்கம். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவை மேலும் முன்னே போகவிடாமல் தடுக்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .303 லீ என்பீல்ட் துவக்கில் தடுப்பது அடிவிளிம்பு. ராணுவ அளவுகோல் அங்கே 0.064 முதல் 0.074 அங்குலம். மவுசர் துவக்கின் 7.92 மி.மீ. தோட்டாவில் தடுப்பது, கழுத்தை நோக்கிச் சரியும் தோள்.

இடைவெளி கூடினால், வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கோதின் சுவர், துவக்கில் தோட்டா அமரும் அறையை இறுகப் பிடித்துக்கொள்ள, அடி மட்டும் பின்னே தள்ளப்படும். அடிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலிந்து, வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். கழன்றால் அங்கேதான் கழலும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அதையே "தலைக்கு மேலே வளையம்" என்று எழுதினால் வாசகர் கழுத்தைத்தான் பார்ப்பார். கழுத்தில் வெடிப்பு இருந்தால் அது பெரும்பாலும் பழைய பித்தளை இறுகிப்போன குற்றம், வேறு நோய்.

ஜாம் போத்தலில் மேலே விடும் வெற்றிடத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அங்கே 'தலைவெளி' சரி, போத்தலுக்குத் தலை மேலேதான். தோட்டாவுக்கு 'அடியிடைவெளி' என்பேன். நீளம்தான், 'அடியிடை' என்று குறுக்கினால் கவிதை வாசனை அடிக்கும்.

அதே மொழிபெயர்ப்பாளர் கோதை 'பொதியுறை' ஆக்கியிருந்தார். புளியங்கோது, முட்டைக்கோது என்று வாய்க்கு வாய் சொல்லும் ஊரில் பொதியுறை எதற்கு? அகராதியைத் திறக்கிறார்கள், பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை.

நம்பர் 4 என்பீல்டில் போல்ட்டின் முன்துண்டு தனியாகக் கழலும். இந்த இடைவெளியைச் சரிசெய்யவே அதில் 0 முதல் 3 வரை இலக்கமிட்ட அளவுகள் உண்டு. அதைப் 'போல்ட் தலை' என்பதில் எனக்குச் சண்டையில்லை, முன்னால்தானே இருக்கிறது. ஆனால் அவர் இதையும் தோட்டாவின் அடியையும் சேர்த்து "தலைக்கும் தலைக்கும் இடையே" என்று எழுதியிருந்தார். சிவப்புப் பேனையால் வெட்டி அனுப்பினேன். அச்சுப்படி நேற்று வந்தது, அதே இரண்டு தலைகளோடு.