முகவாதம்: சொல்லும் நோயும்

முகத்தசைகளை இயக்கும் ஏழாம் மூளைநரம்பு செயலிழந்து, முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் போவது முகவாதம். மருத்துவர்கள் சொல்லும் ‘ஃபேஷியல் பால்சி’யில் உள்ள பால்சி, கிரேக்கப் ‘பராலிசிஸ்’ பிரெஞ்சு வழியே தேய்ந்து வந்த வடிவம். தளர்ந்துபோதல் என்பது வேர்ப்பொருள். தமிழில் ஒட்டியுள்ள ‘வாதம்’ வடமொழி, காற்றைக் குறிக்கும். நேரான தமிழ்ச்சொல் வளி. குறளின் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ இதையே சொல்கிறது.

பழைய மருத்துவம் இவற்றையெல்லாம் காற்றின் கோளாறாகக் கண்டதால், மூளையில் வரும் பக்கவாதமும் மூட்டில் வரும் முடக்குவாதமும் நரம்பில் வரும் முகவாதமும் ஒரே பின்னொட்டைப் பெற்றன. குழப்பமும் அங்கேதான். எழுத்தில் ‘முகநரம்புச் செயலிழப்பு’ என்பதே பொருத்தம்; எந்த உறுப்பில் கோளாறு என்பதை அது சொல்லிவிடுகிறது. பேச்சில் முகவாதம் இருக்கட்டும்.

வாய் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறதோ அதுதான் நோயுற்ற பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. நல்ல பக்கத் தசைதான் வாயைத் தன்னிடம் இழுக்கிறது. அடுத்து, நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், நரம்பே பழுதானால் சுருங்காது. கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ நெற்றியைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனிதரில் அதிகம் காண்பது ‘பெல்ஸ் பால்சி’. 19ஆம் நூற்றாண்டில் இந்த நரம்பை ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் அது. காதுக்குப் பின்னுள்ள குறுகிய எலும்புக் குழாயில் நரம்பு வீங்கி நெரிபடுகிறது. ஹெர்பிஸ் கிருமி மீண்டும் கிளம்புவதே காரணம் என்று கருதப்படுகிறது. காதில் கொப்புளம் கண்டால் அது அக்கிக் கிருமியின் வேலை, சிகிச்சை வேறு. நடுக்காதுச் சீழ், உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி, தலைக்காயம் ஆகியவையும் காரணமாகலாம்.

சிகிச்சையில் நேரம்தான் முக்கியம். 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான ஒரு முறை, நாளுக்கு 50 மி.கி. வீதம் 10 நாள். சர்க்கரை நோயாளிக்கு இது சர்க்கரையை ஏற்றும், ஆகவே மருத்துவர் கண்காணிப்பில்தான். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை மட்டும் தந்தால் பயனில்லை. மூடாத கண்ணைக் காப்பது மாத்திரையைப் போலவே அவசியம்: பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு தடவி இமையை ஒட்டி மூடுதல். தவறினால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். பெரும்பாலோர் முழுமையாகத் தேறுவார்கள். சிலருக்கு நரம்பு தவறான தசைக்கு வளர்ந்து, சிரிக்கும்போது கண் மூடிக்கொள்ளும்.

குதிரையில் கதை வேறு. முகநரம்பின் கிளைகள் கன்னத் தசைமேல், தோலுக்குச் சற்றே கீழே ஓடுகின்றன. மயக்க மருந்து தந்து பக்கவாட்டில் படுக்கவைக்கும்போது தலையில் மாட்டிய வாரின் பக்கிள் அழுத்தினாலே போதும், உதடு தொங்கி மூக்கு நல்ல பக்கம் திரும்பிவிடும். வாரைக் கழற்றித் தலைக்கடியில் மெத்தை வைத்தால் தவிர்க்கலாம். காதும் இமையும் சேர்ந்து தொங்கினால் பழுது மேலே, நரம்பு கிளை பிரியும் முன். காதருகே எலும்பு மூட்டு நோய், தொண்டைப் பையில் (குதிரையின் தொண்டையருகே உள்ள காற்றுப் பை) தொற்று ஆகியவற்றைத் தேட வேண்டும்.

வீக்கம் குறைக்கும் ஊசியும் கண் களிம்பும் தருவார்கள். தீவனம் கன்னத்தில் அடைந்து அழுகும். மென்தீவனம் கொடுத்து வாயைத் தண்ணீரால் அலச வேண்டும். குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிப்பது. இரு பக்கமும் செயலிழந்தால் நாசித்துளை சுருங்கி, ஓடும்போது மூச்சுத் திணறும்.