மூத்திரத்துல சர்க்கரை 4 பிளஸ்ஸா? மாத்திரைய தூக்கிப் போடாதீங்க

தைப்பூசம் நெருங்குது, குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்கப் போறவங்க செக்கப்புக்கு வர ஆரம்பிச்சாச்சு, கூடவே வருஷா வருஷம் வர்ற அதே தலைவலியும் வந்தாச்சு. யூரின் ரிப்போர்ட்ட பார்த்துட்டு மாத்திரைய தானா நிறுத்துறது. இந்த வாரம் ஒரு ஆச்சி. "சர்க்கரை 4 பிளஸ்"னு இருந்த வரிய சிவப்புப் பேனாவுல வட்டம் போட்டுக் கொண்டு வந்து, "எல்லாம் மூத்திரத்துல கொட்டுதே தம்பி, நீங்க குடுத்த மாத்திரை கேக்கலையே"ங்கறாங்க. நிறுத்தி ரெண்டு வாரமாச்சாம்.

ஆச்சி, மாத்திரை கேட்டதாலதான் அது கொட்டுச்சு!

குளுக்கோஸ் தானா எந்த செல்லுக்குள்ளயும் போயிடாது, ஏத்தி விட டிரான்ஸ்போர்ட்டர் புரோட்டீன் வேணும், உறுப்புக்கு உறுப்பு அது வேற. கிட்னியில இருக்கறது எஸ்ஜிஎல்டி 2. கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 கிராம் குளுக்கோஸ வடிகட்டி, அத வீணாக்காம திரும்ப ரத்தத்துக்கே அனுப்பும், அதுல 90 சதவீதம் இந்தப் புரோட்டீன் பார்க்குற வேலை. அதனாலதான் ரத்தத்துல சுகர் அளவு 180 (மி.கி./டெ.லி.) தாண்டினா மட்டும் மூத்திரத்துல சர்க்கரை தெரியும். அந்தக் காலத்துல மூத்திரத்த வச்சு சுகர் பார்த்ததும் இந்தக் கணக்குலதான். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எல்லாம் அதே புரோட்டீன அடைக்கிற மாத்திரை. அடைச்சா ரத்தத்துல 120 இருந்தாலும் மூத்திரத்துல போகும், போகணும், அதுக்குத்தான் குடுக்குறோம். இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு யூரின் சுகர் ரிசல்ட்ட வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது, ரத்தத்த பாருங்க, மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி பாருங்க. லேப்ல இருக்கற தம்பி தங்கச்சிங்களும் ரிப்போர்ட்ட கையில குடுக்கும்போது பயமுறுத்தாம, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டா புண்ணியமா போகும்.

2020-ல இந்தியாவுல டபாகிளிஃப்ளோசின் பேட்டன்ட் முடிஞ்சு விலை இறங்கினதுல இருந்து பல கூட்டு மாத்திரையில இது இருக்கு, சாப்பிடுறவங்களுக்கே தெரியறதில்ல. அட்டைய திருப்பி, "கிளிஃப்ளோசின்"னு முடியுற பேர் இருக்கான்னு பாருங்க. சுகருக்குன்னு இல்ல, ஹார்ட்டுக்கும் கிட்னிக்கும் கூட குடுக்குறோம், அவங்க தானா நிறுத்துறது இன்னும் தப்பு.

ஆனா டாக்டர கேக்காம இந்த மாத்திரைய தொடரக்கூடாத நேரமும் இருக்கு, பயமே அங்கதான். விரதம்னு சரியா சாப்பிடாம, தண்ணியும் குறைச்சு, நத்தம் திண்டுக்கல்னு வெயில்ல நடந்துக்கிட்டு இந்த மாத்திரையும் போட்டா உடம்புல கீட்டோன், அதாவது கொழுப்பு கரையும்போது வர்ற அமிலம், ஏறலாம். வாந்தி, வயித்துவலி, மேல்மூச்சு. மீட்டர்ல 170தான் காட்டும், கூட வர்றவங்க "சுகர் நார்மல்தான், பித்தம்"னு சோடா குடுத்து படுக்க வச்சிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி மாத்திரை பேரச் சொல்லி ரத்தத்துல கீட்டோன் பார்க்கச் சொல்லுங்க.

இன்சுலின், இல்ல இன்சுலின சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு மாத்திரை எடுக்குறவங்களுக்கு வேற கதை. நடக்கும்போது தசை சுருங்குறதே போதும், க்ளூட் 4ங்கற டிரான்ஸ்போர்ட்டர் இன்சுலின் சொல்லாமலே செல்லோட மேல்பரப்புக்கு வந்து குளுக்கோஸ இழுத்துக்கும், மருந்தும் சேர்ந்துக்கிட்டா சுகர் சட்டுன்னு இறங்கிடும். பையில குளுக்கோஸ் பொடி இருக்கணும்.

காவடி எடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட மாத்திரை அட்டைய காட்டி எதைக் குறைக்கணும், எதை எப்ப நிறுத்தணும்னு கேளுங்க. பெரிய ஆபரேஷன்னா கிளிஃப்ளோசின பொதுவா 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, அதனால இத சாப்பிடுறத அங்கயும் மறைக்காம சொல்லிடுங்க. இன்சுலின மட்டும் யார் சொன்னாலும் நீங்களா மொத்தமா நிறுத்தாதீங்க.