உப்பங்கழியில் வேப்பங்கன்று நடாதீர்கள்

ஜூன் பிறந்தாலே, சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி, என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. "சார், எண்ணூர்ப் பக்கம் ஒரு காலி இடம் இருக்கு. ஐந்நூறு கன்று நடப்போறோம், நீங்கதான் வந்து தொடங்கி வைக்கணும்." இந்த ஆண்டு இதுவரை நான்கு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். நான்காவதாகக் கூப்பிட்ட நிறுவனம் இடத்தின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது. கொசஸ்தலையாறு கடலைத் தொடும் கழிமுகத்தை ஒட்டிய சேற்றுத் திட்டு. பார்த்ததுமே வயிறு கலங்கியது, ஏனென்றால் போன ஆண்டு வேறொரு நிறுவனம் கன்று நட்டதும் இதே இடத்தில்தான்.

அவர்கள் நட்டு மூன்று மாதம் கழித்து, தண்ணீர் மாதிரி எடுக்க அங்கே போயிருந்தேன். கம்பிக் கூண்டுகள் வரிசையாக நின்றன, உள்ளே காய்ந்த குச்சிகள். ஒரு வேப்பங்கன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேரைச் சுற்றி நாற்றங்காலின் கறுப்புப் பை அப்படியே இருந்தது, அதைக் கிழிக்கக்கூட இல்லை. தண்டின் அடியில் மண் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஏத்தத்துல உப்புத்தண்ணி வந்து நிக்கிற எடம் இது. இங்க வேப்பங்கன்னு நிக்குமா? எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் கழியின் தண்ணீரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும். கன்று செத்தது, சரி, போகட்டும். அதைவிடப் பெரிய கேடு, கன்று பிழைக்க வேண்டும் என்று அங்கே லாரி லாரியாகச் செம்மண் கொட்டுவது. சில இடங்களில் செம்மண்கூட இல்லை, வீடு இடித்த ரப்பிஷ். ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம் போய்விடும். 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் 330 லாரிக்கு மேல். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பூண்டி ஏரியைத் திறந்தால் உபரிநீர் கொசஸ்தலையாற்றில்தான் வருகிறது. 2021 நவம்பரில் மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது அந்த ஆற்று வெள்ளம்தான்.

என்னால் பொறுக்கவே முடியாத சொல் 'சும்மா கிடக்கிற இடம்'. மரம் இல்லாவிட்டால் அது சும்மா கிடப்பதாக யார் சொன்னது? அந்தச் சேற்றில் நாள்தோறும் தண்ணீர் ஏறி வற்றுகிறது. இறால் குஞ்சும் நண்டும் மடவை மீனும் அங்கேதான் வளர்கின்றன. இருளர் பெண்கள் கூடையை வாயில் கவ்வியபடி, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இடம் அது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் உள்ளான்கள் சேற்றுக்குள் அலகை விட்டுப் புழு தேடுவதும் அங்கேதான். உமரிச் செடி படர்ந்த உப்புச் சதுப்பும் கண்டல் என்ற அலையாத்தி மரங்கள் வளர்ந்த சேறும் பிடித்து வைக்கும் கார்பனில் பெரும்பங்கு மண்ணுக்குள்ளே இருக்கிறது. பச்சையாகத் தெரியாததால் போட்டோவில் எடுபடாது, அவ்வளவுதான். 'அப்போ கண்டல் கன்றாவது நடலாமா?' என்று கேட்பார்கள். எல்லா இடத்திலும் அதுவும் கூடாது. திறந்த சேற்றுத் திட்டு திறந்தே இருக்க வேண்டியது. அதில் கண்டலைத் திணித்தால் உள்ளான்களுக்கு மேய இடமில்லாமல் போகும்.

மரம் நட்டால் போதும் என்ற இந்த எண்ணம் எங்கள் சுற்றுச்சூழல் துறைக்குள்ளும் இருக்கிறது. 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் வழியாகச் சுற்றுச்சூழல் கல்லூரிகளில் கட்டாயப் பாடமானது. நல்ல காரியம். ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சுற்றுச்சூழல் என்றால் கன்றும் போஸ்டரும்தான். நீடித்த வளர்ச்சிக்கு 1987 ஐ.நா. அறிக்கை தந்த விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கத் தெரியாது. முதல் வாரம் அவர்களைக் கழியோரம் சும்மா உட்கார வைப்பேன். கடல்நீர் ஏற்றம் எதுவரை வருகிறது என்று குச்சி நட்டுக் குறிக்கச் சொல்வேன். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எண்ணூர்க் கழியின் நோய் மரம் இல்லாதது அல்ல. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்க் கசிவில் பல ஆண்டுகளாக வந்து சேர்ந்து, கழி ஆழம் குறைந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து, கண்டலின் மூச்சுவேர் வரை கறுப்பாக அப்பியது. மீனவர்கள் வாளியும் கையுமாக அள்ளினார்கள். கன்று நட்டு இதை ஆற்ற முடியாது. சாம்பலை அகற்ற வேண்டும், கசிவை நிறுத்த வேண்டும், நீரோட்டத்தைத் திறந்துவிட வேண்டும்.

ஆகவே, நடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் ஏறி வற்றும் இடத்தில் ஒரு கூடை மண்கூடக் கொட்டாதீர்கள். சேற்றுத் திட்டு, உப்புச் சதுப்பு, அலையாத்திக் காடு எல்லாமே கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ளவை. 'பஞ்சாயத்துல கேட்டாச்சு' என்பது அனுமதி ஆகாது. முதலில் பக்கத்துக் குப்பத்தில் போய்க் கேளுங்கள், எது வலை போடும் பாடு, எது நண்டு பிடிக்கும் இடம் என்று அவர்கள் காட்டுவார்கள். மரம்தான் வேண்டும் என்றால் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் நிழலே இல்லாத தெருக்கள் எத்தனையோ. அங்கே பத்துக் கன்று நட்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றுங்கள், தயவுசெய்து. அப்புறம், பையைக் கிழித்துவிட்டு நடுங்கள்.

நான்காவது நிறுவனத்துக்காரர்களிடம் இதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். வரும் சனிக்கிழமை காலை, கடல்நீர் வற்றும் நேரம் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். போன ஆண்டுக் கம்பிக் கூண்டுகளைப் பிடுங்க வேண்டும், கண்டல் வேர்களில் சிக்கிய பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டும். கன்று வேண்டாம், கோணிப்பையும் கையுறையும் கொண்டுவந்தால் போதும் என்றேன்.