தொடர்பு மையமா, சந்திப்பு மையமா?

பிரிந்து வாழும் தாயோ தந்தையோ தன் பிள்ளையைப் பொதுவான ஓர் இடத்தில், மூன்றாம் மனிதர் முன்னிலையில் பார்த்துப் பழகுவதற்காக நடத்தப்படுவது ‘சைல்ட் காண்டாக்ட் சென்டர்’. இதைக் ‘குழந்தைத் தொடர்பு மையம்’ என்று தமிழில் எழுதிப் பரப்பிவிட்டார்கள். படித்ததும் குழந்தைகள் உதவி எண் 1098 மாதிரி ஏதோ ஒரு போன் நம்பர் என்றுதான் தோன்றும். வங்கி அட்டையின் பின்பக்கம் ‘வாடிக்கையாளர் தொடர்பு மையம்’ என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்?

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். காண்டாக்ட் லத்தீனிலிருந்து வந்தது. ‘சேர்ந்து தொடுதல்’ என்று பொருள். இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், பெற்றோரின் உரிமை போல ஒலித்த ‘ஆக்சஸ்’ என்பதை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் பிடித்தது. 2014-இல் பெற்றோருக்கு இடையிலான வழக்குகளில் இதையும் மாற்றிக் ‘குழந்தைக்கான ஏற்பாடு’ என்ற பெயரில் உத்தரவு போட ஆரம்பித்தார்கள். மையங்கள் மட்டும் பழைய பெயரிலேயே நடக்கின்றன.

அங்கே நேரில் பார்ப்பது, கடிதம், போன் எல்லாமே ‘காண்டாக்ட்’தான். நம் நாட்டில் அப்படி இல்லை. யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் இரண்டையும் பிரித்துப் பேசியது. நேரில் பார்க்கும் ‘விசிட்டேஷன்’ உரிமை ஒன்று. போன், மின்னஞ்சல், வீடியோ கால் வழியாகப் பேசும் ‘காண்டாக்ட்’ உரிமை இன்னொன்று. விசேஷக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், குழந்தை யாரிடம் இல்லையோ அவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச வழி இருக்க வேண்டும் என்றது. ஆக ‘தொடர்பு உரிமை’ என்றால் இங்கே போனில் பேசுவது. நேரில் உட்கார்ந்து விளையாடும் இடத்துக்கும் அதே சொல்லை வைத்தால், உத்தரவில் எது எதைக் குறிக்கிறது என்று யார் சொல்வது?

இன்னொரு சங்கடம். கணவன் மனைவி பிரிந்த செய்தியில் ‘தொடர்பு’ என்று வந்தாலே நம் பத்திரிகைகள் பழக்கிய ‘கள்ளத்தொடர்பு’தான் முதலில் மனசில் ஓடும். விவாகரத்து வழக்கில் நிற்கும் பெண்ணிடம் ‘தொடர்பு மையத்துக்கு வாங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

கேரள எல்லைப்புறத்தில் குழப்பம் இரட்டிப்பு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம் பக்கத்துத் தமிழருக்குக் கோர்ட்டுக் காகிதம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும். பக்கத்திலிருப்பவர் தமிழில் சொல்லிக் கொடுப்பார். மலையாளத்துச் ‘சந்தர்சனம்’ போய்ப் பார்ப்பதைக் குறிக்கும் நல்ல சொல்தான். அதையே தமிழாக்குகிறேன் என்று ‘தரிசன உரிமை’ என்றால் அப்பா குருவாயூரப்பன் ஆகிவிடுவார். தொடர்புக்கு மலையாளத்தில் சொல்லும் ‘சம்பர்க்கம்’ என்றால், கோவிட் காலத்தில் நோயாளியோடு பழகியவர்களைக் குறித்த சம்பர்க்கப் பட்டியல் நினைவுக்கு வரும். கோவைப் பக்கத்து வக்கீல் எழுதினால் ‘பார்வையிடும் உரிமை’. வெள்ளச் சேதத்தைக் கலெக்டர் பார்வையிடுவார், பெற்ற பிள்ளையையுமா? ‘வருகை உரிமை’ என்பது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலிருந்து தப்பி வந்தது போலிருக்கிறது.

‘சந்திப்பு’ என்பதே என் கட்சி: குழந்தை சந்திப்பு மையம். சந்தி வடசொல், ‘காணலகம்’ என்று வையுங்கள் என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். நாற்சந்தியில் நின்று பேசும் ஊருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. காணலகத்தைப் பலகை வைத்தல்லவா விளக்க வேண்டும்? எட்டு வயதுப் பிள்ளை வாசலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான்.

மையத்தின் பெயரை விட, உள்ளே நடப்பவற்றின் பெயரில்தான் வேலை கெடுகிறது. ‘சூப்பர்வைஸ்டு’ என்றால் பணியாளர் கூடவே இருப்பார், பேச்சு காதில் விழும் தூரத்தில். நடந்ததைக் குறிப்பெடுத்து அறிக்கை தருவார். அது கண்காணிப்புச் சந்திப்பு. ‘சப்போர்ட்டடு’ என்றால் ஒரே கூடத்தில் பல குடும்பங்கள் இருக்கும், பணியாளர் கூப்பிடும் தூரத்தில் இருப்பார். பாதுகாப்பு பற்றிய கவலை எழுந்தாலொழிய, வந்தார் போனார் என்பதற்கு மேல் எழுத மாட்டார். இதை ‘ஆதரவுச் சந்திப்பு’ என்கிறார்கள். ஆதரவு கட்சிக்குக் கொடுப்பது. ‘துணையுள்ள சந்திப்பு’ என்றால் புரியும். பெற்றோர் ஒருவரையொருவர் பார்க்காமல் பிள்ளை மட்டும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போவது மூன்றாவது வகை. இருவரையும் கால்மணி நேரம் முன்பின்னாக வரவழைப்பார்கள். அதைப் போய்க் ‘கைமாற்று’ என்று எழுதியிருக்கிறார்கள். கைமாற்று என்றால் மாசக் கடைசியில் ஐந்நூறு ரூபாய் கேட்பது. இதற்கு ‘ஒப்படைப்பு’ என்று சொல் இருக்கிறதே!

இந்த மூன்றும் கலங்கினால் கூடி வேலை செய்கிறவர்களுக்குள் முட்டிக்கொள்ளும். துணையுள்ள சந்திப்புக்கு உத்தரவு வாங்கிய வக்கீல் அறிக்கை கேட்பார். பணியாளரிடம் தேதியும் நேரமும்தான் இருக்கும். குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அந்த அறிக்கையை நம்பி அடுத்த அமர்வைத் திட்டமிட்டிருப்பார். அலைவது பிள்ளை.

கண்காணிப்புக் குறிப்பிலும் சொல் முக்கியம். ‘குழந்தை அப்பாவை வெறுக்கிறது’ என்று எழுதுவது தீர்ப்பு; அது பணியாளர் வேலை அல்ல. ‘முதல் பத்து நிமிடம் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பிறகு கிரேயான் கேட்டது. அப்பா வரைந்த யானைக்கு வால் போட்டது’ என்று கண்டதை எழுத வேண்டும். மனநல மருத்துவருக்கும் நீதிபதிக்கும் உதவுவது அந்த வால்தான்.

வக்கீல், பணியாளர், கவுன்சிலர், மருத்துவர் எல்லோரும் சேர்ந்து செய்யும் ‘மல்ட்டி ஏஜென்சி’ வேலைக்கு ‘பல்முகமைக் கூட்டுப்பணி’ என்று பெயர் வைத்திருக்கிறார் ஒரு புண்ணியவான். புலனாய்வு முகமை வீட்டுக் கதவைத் தட்டுவது போல இருக்கிறது. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மருத்துவ வல்லுநரையும் குடும்ப நலப் பணியாளரையும் துணைக்கு அழைக்க நீதிமன்றத்துக்கு வழி விடுகிறது. ‘பல துறையினர் கூடிச் செய்வது’ என்றால் போயிற்று. இதிலும் மோசம், ‘ஸ்டேக்ஹோல்டர்’ எல்லாரையும் ‘பங்குதாரர்கள்’ ஆக்குவது. பிள்ளை என்ன பார்ட்னர்ஷிப் கம்பெனியா, லாபத்தில் பங்கு பிரிக்க? ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.