ஹோஸ்ட் ஃபேமிலி: தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் தங்கள் கல்லூரிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஹோஸ்ட் மாம்’ என்று ஒருவரைக் குறிப்பிடுவார்கள். பெற்ற அம்மாவும் இல்லை, சித்தி பெரியம்மாவும் இல்லை, வாடகை வாங்கும் வீட்டுக்கார அம்மாவும் இல்லை. அவர் யார் என்று தெரிந்தால்தான் ‘ஹோஸ்ட் ஃபேமிலி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே முடியும். அதனால் முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுக்கு வருவோம்.

அங்கே கல்லூரி பேஸ்பால் பருவம் வசந்தத்தோடு முடிந்துவிடும். கோடை விடுமுறையில் நல்ல ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பதில்லை, சிற்றூர் அணிகளுக்கு ஆடப் போய்விடுவார்கள். இதில் பேர் பெற்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் லீக். கடலுக்குள் மடக்கிய கை போல நீண்டு கிடக்கும் நிலத்தில் சாத்தம், ஃபால்மத், ஹார்விச், ப்ரூஸ்டர் என்று ஊர் ஊராக மொத்தம் 10 அணிகள். ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடும். கல்லூரிப் போட்டிகள் 1974லிருந்து உலோக மட்டைக்கு மாறிவிட்டன, கேப் காட்டிலோ 1985 முதல் மர மட்டைதான். தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டை மட்டுமே அனுமதி என்பதால், பையன் அதில் எப்படி அடிக்கிறான் என்று பார்க்கப் பெரிய அணிகளின் ஆள் தேடுவோர் இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்று நியூயார்க் யாங்கீஸில் ஆடும் ஆரன் ஜட்ஜ் 2012இல் ப்ரூஸ்டருக்கு ஆடியவர்.

சரி, இந்தப் பையன்கள் எங்கே தங்குவது? அணி சம்பளம் கொடுக்க முடியாது, கொடுத்தால் கல்லூரியில் ஆடும் தகுதிக்கே ஆபத்து. அணிக்கும் பெரிய வருமானம் கிடையாது. கேப் காட்டில் ஆட்டம் பார்க்கக் கட்டணம் இல்லை, நடுவில் ஏதாவது பாத்திரத்தையோ தொப்பியையோ நீட்டி வசூல் செய்வார்கள், அவ்வளவுதான். போதாக்குறைக்கு அது சுற்றுலாப் பகுதி, கோடையில் அறை வாடகை கேட்டால் மயக்கம் வரும். இரண்டு மாதத்துக்கு ஓட்டலில் போட்டுக் கட்டுப்படியாகாது. ஆகவே உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுக்கின்றன, பல சமயம் படிக்க வெளியூர் போன சொந்த மகனின் அறையை. இந்தக் குடும்பம்தான் ஹோஸ்ட் ஃபேமிலி. பத்தொன்பது இருபது வயதுப் பையன், ஆட்டம் முடிந்து இரவு பத்தரைக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருந்தாலும் காலி! அலாஸ்காவில் கதை இன்னும் வேடிக்கை. ஃபேர்பேங்க்ஸ் நகரில் 1906 முதல் ஜூன் 21 வாக்கில் ஓர் ஆட்டம் நடக்கிறது, இரவு பத்து மணியை ஒட்டித் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். வடகோடி என்பதால் அந்த நாட்களில் இரவெல்லாம் வெளிச்சம் இருக்கும், மைதான விளக்கே போடமாட்டார்கள். அதை ஆடிவிட்டு வருகிறவனுக்கு எடுத்துவைப்பது இரவுச் சாப்பாடா காலைச் சாப்பாடா என்று அந்த வீட்டு அம்மாவைத்தான் கேட்கவேண்டும்.

இனி சொல். ‘ஹோஸ்ட்’ லத்தீனின் ‘ஹோஸ்பெஸ்’ஸிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இந்த ஹோஸ்பெஸ் விருந்து கொடுப்பவரையும் குறிக்கும், விருந்தாக வந்தவரையும் குறிக்கும், அறிமுகமில்லாத வெளியாளையும் குறிக்கும். அதன் நெருங்கிய உறவுச் சொல் ‘ஹோஸ்டிஸ்’. முதலில் அந்நியன், பிறகு எதிரி. வாசலில் நிற்கும் தெரியாத ஆளை உள்ளே கூப்பிட்டால் ஒரு சொல், அடித்துத் துரத்தினால் இன்னொரு சொல், வேர் ஒன்றுதான். இந்தக் குடும்பத்துச் சொற்கள் நம் ஊரிலும் குடியேறியிருக்கின்றன: ஹாஸ்டல், ஓட்டல், ஆஸ்பத்திரி மூன்றும் ஹோஸ்பெஸ் வழி வந்தவையே. (தங்க இடமே இல்லாத இட்லிக் கடைக்கு ஓட்டல் என்று பேர் வைத்தது நம் தனிச் சாதனை.) ‘ஃபேமிலி’யின் மூலமான ‘ஃபமிலியா’ முதலில் ஒரு வீட்டின் வேலையாட்களைக் குறித்து, பிறகு அந்த வீட்டிலுள்ள அத்தனை பேரையும் குறித்தது. ரத்த உறவு மட்டுமே குடும்பம் என்ற பொருள் பின்னால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

தமிழில் என்னென்ன வழி இருக்கிறது? ‘விருந்தளிக்கும் குடும்பம்’ என்றால் வாழை இலையும் வடை பாயசமும்தான் கண்ணில் வரும். இத்தனைக்கும் ‘விருந்து’ என்பதன் பழைய பொருள் புதுமை. அதிலிருந்து புதிதாக வந்த ஆள், அவருக்குப் போடும் சாப்பாடு என்று நகர்ந்து, இன்று சாப்பாடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சரி, பழைய பொருளை மீட்டெடுக்கலாமே என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் கணக்கு, இந்தப் பையனோ எட்டு வாரம் இருக்கிறான். குறளில் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களைச் சொல்லும் இடத்தில் விருந்து வேறு, ஒக்கல் வேறு. ஒக்கல் என்றால் சுற்றத்தார். ஜூனில் விருந்தாக வருகிறவன் ஆகஸ்டில் ஒக்கலாகத்தான் கிளம்புகிறான், பிற்பாடு அவன் கல்யாணத்துக்கு அந்த வீட்டாருக்குப் பத்திரிகை போவது உண்டு.

‘புரவலர் குடும்பம்’ என்று எழுதலாமா? கணினித் துறையில் ஹோஸ்டுக்குப் புரவலன் என்று போடுகிறார்கள். ஆனால் புரவலர் என்றதும் பொற்கிழியும் புலவரும் நினைவுக்கு வருவார்கள். பரிசில் கொடுத்து அனுப்புகிற உறவில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு யார் முந்துவது என்ற சண்டைக்கு இடமே இல்லை. ‘வளர்ப்புக் குடும்பம்’ தவறு, அது தத்து விவகாரம். ‘குடிவைத்த வீடு’ என்றால் வாடகை வந்துவிடும். உயிரியல் பாடத்தில் ஹோஸ்டுக்கு ‘ஓம்புயிரி’ என்று ஒரு சொல் உண்டு, நல்ல சொல், ஆனால் அதன் ஜோடி ஒட்டுண்ணி. குளிர்பெட்டியின் நிலையைப் பார்த்தால் பொருத்தம்தான் என்று சில ஹோஸ்ட் அப்பாக்கள் சொல்லக்கூடும்.

ஆனாலும் அந்த ‘ஓம்பு’வை நான் விடமாட்டேன். பேணு, காப்பாற்று, வளர் எல்லாம் அதற்குள் இருக்கிறது. விருந்தோம்பலில் விருந்து மூன்று நாளில் முடிந்தாலும் ஓம்பலுக்கு நாள் கணக்கில்லை. ‘ஓம்புகுடி’ என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் குடியோம்பல் என்பது அரசன் குடிகளைக் காப்பது, குழப்பும். அப்போதுதான் ‘வீட்டார்’ கண்ணில் பட்டது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், சம்பந்தி வீட்டார் என்று நாள்தோறும் புழங்குகிற சொல். ஃபமிலியாவைப் போலவே ஒரு கூரையின் கீழ் இருப்பவர்களை எல்லாம் சேர்த்துச் சொல்வது.

ஆக என் பரிந்துரை ஓம்பு வீட்டார். இடத்தை மட்டும் சொல்ல ஓம்பு வீடு. ‘சாத்தம் அணிக்கு ஆடிய கோடையில் அவரது ஓம்பு வீட்டார் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், தடுக்கவில்லை. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகிறவர்கள் தங்கும் குடும்பத்துக்கும் இதுவே செல்லும். காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் ஹோம்ஸ்டேவுக்குச் செல்லாது.

‘ஹோஸ்ட் மாம்’? ‘ஓம்பு அம்மா’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. ‘நான் தங்கியிருந்த வீட்டு அம்மா’ என்று நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், அதையே எழுதுங்கள்.